ஞாயிறு காலை: கடை வைஃபை பற்றிப் பேசலாம்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை, பட்டறை, தையல்கடை நடத்தும் எல்லாருக்கும் இது. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பாலாய் ராயாவில் (ஊர் மண்டபத்தில்), வைஃபை வேலை தெரிந்த நம் பிள்ளைகள் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். எதையும் விற்க வரவில்லை.

லைன் மோசம் என்று உடனே பெரிய பேக்கேஜுக்கு மாறிவிடுகிறோம். பல நேரம் கோளாறு ரவுட்டர் (வைஃபை தரும் பெட்டி) இருக்கும் இடத்தில்தான். இரும்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் சிக்னல் எப்படி வரும்? வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர் தாண்டிப் போகும். ஆனால் கடை வரிசையில் எல்லாரும் அதில்தான், மைக்ரோவேவ் அடுப்பும் சேர்த்து. அதில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1, 6, 11 ஆகிய சேனல்களை (அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகளை) ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பக்கத்துக் கடையோடு பேசி வைத்தால் இருவருக்கும் லாபம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேகம் அதிகம், தூரம் குறைவு.

அப்புறம், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையிலேயே கார்டு மெஷினையும் சிசிடிவியையும் போடாதீர்கள். கெஸ்ட் வைஃபையைத் தனியாகப் பிரிப்பது எப்படி என்று அங்கேயே செய்து காட்டுவார்கள்.

ரவுட்டர் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாருங்கள். குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பாஸ்வேர்டும் அதிலேயே இருக்கும்! வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் பெயர் போடுங்கள், தே தாரிக் கணக்குக்கு.