ஏஸ் கொளுத்திய வீடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, இப்போது என் அலமாரி அவள் வசம்.

டிவி தொடர்களை நாவலாக்கினால் அதில் படிக்க என்ன இருக்கப்போகிறது என்று கேட்டிருந்தாய். மார்க் பிளாட்டின் 'கோஸ்ட் லைட்' படித்துவிட்டுச் சொல். காலத்தில் முன்னும் பின்னும் பயணிக்கும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடரான 'டாக்டர் ஹூ'வுக்காக அவர் எழுதி 1989-இல் பிபிசியில் மூன்று பகுதிகளாக வந்தது. தலைகால் புரியவில்லை என்று பலர் குறைபட்டார்கள். மறு வருஷம் அவரே நாவலாக எழுதினார்.

கதை 1883-இல், மேற்கு லண்டன் பெரிவேலில் உள்ள கேப்ரியல் சேஸ் மாளிகையில் நடக்கிறது. மாலை ஆறு அடிப்பதற்குள் பகல் வேலைக்காரிகள் அரக்கப்பரக்க வெளியேறிவிடுவார்கள். மணி அடித்ததும் சுவர்ப் பலகைகள் திறந்து இரவு வேலைக்காரிகள் வருவார்கள், முகத்தில் சலனமே இருக்காது. காட்சிப் பெட்டியின் இழுப்பறையில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் தூங்குகிறார்! இத்தனைக்கும் பேய் கிடையாது. நிலவறையில் ஒரு விண்கலம். அதில் வந்த 'லைட்' பூமியின் உயிர்களையெல்லாம் பட்டியல் போட்டவன். எழுதி முடித்த பிறகும் உயிர்கள் மாறிக்கொண்டே போவதை அவனால் பொறுக்க முடியவில்லை. டார்வின் இறந்த மறு வருஷத்தில் கதையை வைத்தது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் என்னை உலுக்கியது டாக்டரோடு பயணம் போகும் இளம்பெண் ஏஸ்தான். அவள் தோழி மனீஷாவின் வீட்டை வெள்ளைக்காரப் பையன்கள் எரித்துவிட்டார்கள். 1983-இல், பதின்மூன்று வயதில், அந்த ஆத்திரத்தோடு பாழடைந்து கிடந்த இந்த மாளிகைக்குள் சுவரேறிக் குதிக்கிறாள். உள்ளே ஏதோ தீயது இருப்பதை உணர்ந்து கொளுத்திவிடுகிறாள். அதே வீட்டுக்குத்தான், நூறு வருஷம் முன்னே, எங்கே போகிறோம் என்று சொல்லாமலே டாக்டர் அவளைக் கூட்டிப்போகிறார். எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. நம்பி வருகிற பெண்ணிடம் அதை மறைக்கலாமா? ஏஸின் மனசுக்குள் நடப்பதைச் சொல்லப் புத்தகத்தில் இடம் இருக்கிறது, அதற்காகவே படிக்கலாம்.

முடிவில், வருத்தம் ஏதும் உண்டா என்று டாக்டர் கேட்கிறார். உண்டு என்கிறாள்: எரித்ததற்குப் பதிலாக வெடிவைத்துத் தகர்த்திருக்க வேண்டுமாம். நான் அவள் கட்சி.

பிளாட் முதலில் எழுத நினைத்தது டாக்டரின் பூர்வீக வீட்டைப் பற்றி. தயாரிப்பாளர் ஒப்பவில்லை. அது 1997-இல் 'லங்பேரோ' நாவலாக வந்தது. முதலில் இதைப் படி, அதை அப்புறம் அனுப்புகிறேன். சின்னவள் முடித்ததும் புத்தகம் தபாலில் வரும். டாக்டர் செய்தது சரி என்று உனக்குத் தோன்றினால் உடனே எழுது, சண்டை போடுவோம்.

அன்புடன்,
ரவி