பழைய பாட்டு நேரத்தைக் கையில் எடுத்திருக்கும் மருமகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

வானொலியில் பழைய பாட்டு நேரத்துக்குப் பாட்டுத் தெரிவு செய்யும் பொறுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னார். சந்தோஷம் பிள்ளை. நீ அனுப்பிய குரல் பதிவையும் கேட்டேன். நானூறு பாட்டுக்குள் நிற்கச் சொல்கிறார்கள், நானோ எல்லாவற்றையும் கலந்து போடப் போகிறேன், ஐம்பதுகளும் வரும், தொண்ணூறுகளும் வரும், இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவும் வரும், என்ன சொல்கிறீர்கள் மாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இதே வேலையில் இருக்கும் வேறு பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

கலந்து போடு. தாராளமாகப் போடு. ஆனால் இந்தப் பாட்டுக்குப் பின்னால் ஏன் அந்தப் பாட்டு வருகிறது என்று யாராவது கேட்டால் உன்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாமல் கலப்பதைக் கொம்பியூட்டரே செய்துவிடும்.

அந்த நானூறு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் கிளாசிக் ஹிட்ஸ் என்று சொல்லும் பழைய பாட்டு நிலையங்கள் பல காலமாக ஒரு முறையை வைத்திருக்கின்றன. நேயர்களை ஒரு மண்டபத்தில் இருத்தி, நூற்றுக்கணக்கான பாட்டுகளில் சில விநாடித் துண்டுகளை மட்டும் போட்டுக் காட்டிப் புள்ளியிடச் சொல்வார்கள். நல்ல புள்ளி எடுத்த சில நூறு பாட்டுகள் பட்டியலில் நிற்கும், மற்றவை அலமாரிக்குப் போகும். நிற்பதை ஒழுங்கு செய்வதற்கு மென்பொருள் இருக்கிறது. 1979 இல் தொடங்கிய ஆர்.சி.எஸ். கொம்பனியின் செலக்டர்தான் அதில் பேர்போனது. ஒரே பாடகர் இவ்வளவு நேரத்துக்குள் திரும்ப வரக்கூடாது, மெதுவான பாட்டு இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது என்று விதிகளைக் கொடுத்துவிட்டால் நாள் முழுவதற்கும் அது நிரப்பித் தரும். உன் மேசையில் இருப்பதும் இந்த வகைதான்.

இதில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. சில விநாடித் துண்டைக் கேட்டுப் புள்ளி போடுகிறவர், தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டுக்குத்தான் புள்ளி போடுவார். நம்முடைய பாட்டுகளிலோ உயிர் பல நேரம் இரண்டாவது சரணத்தில் இருக்கும். பல்லவித் துண்டை வைத்து அதை எப்படி அளப்பது? மறந்துபோன பாட்டு எல்லாம் பிடிக்காத பாட்டு இல்லை பிள்ளை. மறந்த பாட்டு ஒன்று திடீரென்று வரும்போதுதான் ஆள் வேலையை விட்டுவிட்டு ரேடியோவைத் திரும்பிப் பார்க்கிறான். அந்த நேரத்தை நானூறு பாட்டுக்குள் அடைத்துவைக்க முடியாது.

அங்கேயும் இதைச் சிலர் உணர்ந்தார்கள். 2002 இல் கனடாவின் வின்னிபெக்கில் பொப் (Bob) எஃப்.எம். என்றும், அதே வருடக் கடைசியில் வான்கூவரில் ஜாக் எஃப்.எம். என்றும் நிலையங்கள் வந்தன. பட்டியலை ஆயிரத்துக்கும் மேல் விரித்தார்கள். எழுபதுகளின் டிஸ்கோவுக்குப் பின்னால் எண்பதுகளின் ரொக், அதன் பின்னால் தொண்ணூறுகளின் பொப். இரண்டு பாட்டு முட்டிக்கொண்டால் அதையும் ஒரு ருசியாகவே வைத்தார்கள். பெரும்பாலும் அறிவிப்பாளரே இல்லை. இடையில் பதிவு செய்த ஒரு குரல் ஏதாவது குறும்பாகச் சொல்லும், அவ்வளவுதான். வட அமெரிக்கா முழுக்க இது பரவியது.

அப்புறம் நியூயோர்க்கில் நடந்ததைக் கவனி. டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். என்பது 1972 முதல் பழைய பாட்டுக்கென்றே அந்த நகரம் கேட்டுவந்த நிலையம். 2005 ஜூன் 3 ஆம் திகதி ஒரே நாளில் அதை ஜாக் ஆக்கினார்கள். வருடக்கணக்காகப் பழகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் காணாமல் போயின. நேயர்கள் கொதித்தார்கள். 2007 ஜூலை 12 ஆம் திகதி நிலையம் பழைய பெயருக்கும் பழைய பாணிக்கும் திரும்பியது. இதைக் காட்டி, பட்டியலை விரித்ததால்தான் அடி விழுந்தது என்று உன் மேலதிகாரி சொல்லலாம். என் கணிப்பு அது இல்லை. பாட்டு கூடியதற்காக யாரும் ரேடியோவை நிறுத்துவதில்லை. வழிகாட்டிக்கொண்டிருந்த ஆளை எடுத்துவிட்டார்கள். கலவை அகல அகல, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் ஆள் கட்டாயம் வேண்டும்.

இதை நாம் நியூயோர்க்கைப் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. 1952 இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கடிவாளம் போட்டபோது, அங்கிருந்தவர்களின் காது இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. அதை ஈடுகட்ட 1957 இல் அவர்கள் விவித பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது. அந்த நாளில் நம் நிலையத்தின் பலம் இசைத்தட்டு நூலகம் மட்டும் இல்லை. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒவ்வொரு அறிவிப்பாளரும் பாட்டை எடுத்துக் கொடுத்த விதம் இருக்கிறதே, அதுதான் பலம். 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை நினைத்துப் பார். ஒரு எழுத்தைக் கொடுத்தால் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். அறுபதுகளின் பாட்டுக்குப் பக்கத்தில் நேற்று வந்த பாட்டு வந்து உட்காரும். கேட்டவர்கள் யாருக்கும் அது உறுத்தவில்லை, ஏனென்றால் இணைக்கும் கயிறு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நம் சனம் கலவையில் வளர்ந்த சனம்.

இனி என் தொழில் அனுபவத்துக்கு வருகிறேன். திருகோணமலையில் கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் நான் வைத்திருந்த காலம் உனக்குக் கதையாகத்தான் தெரியும். ஆட்கள் கொப்பித்தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். வெறுங் கசெட்டும் சில நேரம் அவர்களே கொண்டுவருவார்கள். கிண்ணியாவிலிருந்து பாதைப் படகு ஏறி வருகிறவர் ஒரு பக்கம் நாகூர் ஹனிபா, மறு பக்கம் படப் பாட்டு என்பார். சல்லியிலிருந்து வருகிறவருக்கு எல்லாமே சோகப் பாட்டாக இருக்க வேண்டும். எழுதிவந்த வரிசையிலேயே பதிந்து கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் வரிசையை என்னிடம் விட்டவர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

பாலையூற்றில் ஒரு பறங்கியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பதிந்தது நன்றாக நினைவிருக்கிறது. சி-90 கசெட், ஒரு பக்கம் 45 நிமிடம். வருகிறவர்களில் வீட்டுக்காரரின் சொந்தங்கள், தமிழ் அயலவர்கள், ஜமாலியா நண்பர்கள், வேலைத்தலத்துச் சிங்களவர்கள் எல்லோரும் உண்டு. ஆட்கள் வந்து கதிரைகளில் அமரும்வரை அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ். அவரை விரும்பாத வீடு இந்த நாட்டில் எது? முடிவில் பைலா, அதில் சந்தேகமே இல்லை. நடுவில் என்ன போடுவது? ஜிம் ரீவ்ஸ் முடிந்த கையோடு பைலா வெடித்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், இளசுகளும் எழும்பி ஆட வெட்கப்படுவார்கள். அந்த இடத்தில் நித்தி கனகரத்தினத்தின் துள்ளிசையை, அதாவது நம் தமிழ்ப் பொப் பாட்டை, வைத்தேன். கிற்றார் முதலில் வந்த பாட்டுகளோடு ஒட்டி நிற்கும், தாளம் வரப்போகும் பைலாவின் பக்கம் இழுக்கும், சொல் தமிழ். அதன் பின்னால் ஏ. ஈ. மனோகரன். தமிழையும் சிங்களத்தையும் ஒன்றாகப் பாடித் தமிழ்நாடு வரை கொண்டுபோனவர் அவர். அதற்குப் பிறகு வொலி பஸ்தியன் வழி வந்த சிங்கள பைலா வரும்போது யாரும் அந்நியப்பட்டு நிற்கவில்லை. படிப்படியாகத்தான் ஏறினோம், ஆனால் ஏறுவது யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கடையில் நான் பழகியவற்றில் உனக்கு உதவக்கூடியதைச் சொல்கிறேன். பாட்டு எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நடு எப்படியும் தன்னைப் பார்த்துக்கொள்ளும். பழைய பாட்டுகள் பல, வெட்டினாற்போல முடியும். பிறகு வந்தவற்றில் நிறைய மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். தேய்ந்து போகும் பாட்டின் வால் மீது அடுத்ததன் தாளத்தை ஏற்றாதே, இரண்டும் கெடும். தாளம் இல்லாமல் தொகையறாவோடு தொடங்கும் பாட்டு உனக்குக் கிடைத்த வரம். முன்னால் போன பாட்டின் தாளத்தைக் காதிலிருந்து துடைத்துவிட்டு, எந்தக் காலத்துக்கும் உன்னைக் கூட்டிக்கொண்டு போகும். வேகமான ஒன்றிலிருந்து ஐம்பதுகளுக்குப் பாய வேண்டுமென்றால் நான் எப்போதும் தொகையறாவைத்தான் தேடுவேன்.

குரலும் நல்ல பாலம். எஸ். பி. பாலசுப்ரமணியம் எம். எஸ். விஸ்வநாதனுக்கும் பாடினார், இளையராஜாவுக்கும் பாடினார், 1992 இல் ரஹ்மானின் முதல் படத்திலும் பாடினார். அந்த ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு இருபது வருடத்தை ஒரே எட்டில் தாண்டலாம். எஸ். ஜானகி 1957 இலேயே பாடத் தொடங்கியவர், அவரை வைத்து இன்னும் தூரம் போகலாம். ராகத்தை வைத்து இணைப்பதும் ஒரு வழிதான், ஆனால் அடிக்கடி செய்தால் வகுப்பெடுப்பதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று, உன் கொம்பியூட்டர் இதைக் கவனிக்காது. பத்தாண்டுக்கு ஒரு பாட்டு என்று எண்ணிக்கையில் பங்கு பிரிக்காதே, நிமிடத்தில் பிரி. ஐம்பதுகளின் பாட்டு பெரும்பாலும் மூன்று நிமிடமளவில் முடிந்துவிடும், 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் கொள்ளும். தொண்ணூறுகளின் பாட்டு ஐந்து, ஆறு நிமிடம் ஓடும். ஒன்றுக்கு ஒன்று என்று போட்டால் புதியதுக்கு இரண்டு மடங்கு நேரம் போய்விடும், பழையவர்களுக்கு ஏன் மனம் நிறையவில்லை என்று உனக்குப் புரியாது. சத்த அளவும் அப்படித்தான். பழைய பதிவில் அடிநாதம் மெலிவு, புதியதில் கனம். மீட்டரில் இரண்டும் ஒரே அளவு காட்டினாலும் காதுக்கு ஒன்றாக இராது. ஊசியை நம்பாமல் கண்ணை மூடிக் கேட்டுச் சரி செய்.

நம் ஊரை நினைத்துக்கொண்டு பட்டியல் போடு பிள்ளை. பஸ் நிலையத்திலிருந்து உப்புவெளிக்குப் போகும் ஒரு ஓட்டோவுக்குள் யார் யார் இருப்பார்கள் என்று உனக்குத் தெரியும். பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் காலத்தில் இங்கே ஒலிபெருக்கியில் வரும் சிங்கள பக்திப் பாட்டுகளில் நிறைய மொஹிதீன் பேக் பாடியவை. சேலத்தில் பிறந்த முஸ்லிம் அவர். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த உனக்கு எது எதோடு சேரும் என்று மண்டபத்தில் புள்ளி போட்டுக் காட்ட வேண்டுமா? தமிழ் நிலையம் என்பதால் சிங்கள பைலா ஒன்றுக்கும் இடமில்லை என்று யாராவது சொன்னால், சண்டை பிடி.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையில் காலையில் வந்த பழைய படப் பாட்டு நேரம் எப்போதும் பழைய ஹிந்திப் பாடகர் சைகலின் பாட்டோடுதான் முடிந்தது. முன்னால் என்ன போட்டாலும் முடிவு அவர்தான். இந்தியாவில் எத்தனையோ வீடுகளில் அதை வைத்தே நேரம் பார்த்தார்கள். அதுபோல உன் நேரத்திலும் அசையாத ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நம் நாட்டுத் தமிழ்ப் பாட்டுக்கு ஒதுக்கு. நம் ஊர்ப் பாடகர்கள் பரமேஸ் - கோணேஸின் இசைத்தட்டுகள் வந்த காலத்தில் இங்கே பிள்ளைகள் அவற்றை மனப்பாடமாகப் பாடித் திரிந்தார்கள். இன்று எந்த நிலையத்தில் கேட்கிறாய்? தமிழ்நாட்டுப் படப் பாட்டைப் போட ஆயிரம் நிலையங்கள் இருக்கின்றன. இவற்றை நாம் போடாவிட்டால் போட ஒருவரும் இல்லை. சில நூறு பாட்டுக்குள் அடைத்த பட்டியலில் முதலில் விழுந்து போவதும் இவைதான்.

மேலதிகாரி நாள் முழுவதையும் மாற்ற விடமாட்டார், சரி. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கேள். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நானூறு கணக்கு வேண்டாம், அறிவிப்பாளர் நேரடியாக இருக்க வேண்டும், பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் வாங்கு. முதல் வாரப் பட்டியலை எனக்கு அனுப்பு, எந்த இணைப்பு இடறுகிறது என்று பார்த்து எழுதுகிறேன். பரமேஸ் - கோணேஸ் பாட்டுகள் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் சொல். என்னிடம் இசைத்தட்டிலிருந்து நேரே எடுத்த கசெட் இருக்கிறது. உரிமைக்காரரிடம் அனுமதி கேட்கும் வேலையை உன் அலுவலகம் செய்யட்டும், கணினியில் ஏற்றித் தரும் வேலையை நான் செய்கிறேன்.

அன்புடன்,
மாமா
திருகோணமலை