வாசர் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கக் கிராமங்களில் போடப்படும் ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படத்தில் ரிப்பன் கட்டி நிற்கும் அடிபம்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம மார்க் 2! முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய் நான் கழற்றி மாட்டிய அதே பம்பு. எழுபதுகளில் யுனிசெஃப்பும் இந்திய அரசும் சேர்ந்து உருவாக்கியது. எங்கள் கோவைப் பக்கத்துக் கிணறுகளில்தான் மாட்டிச் சோதித்தார்கள். தொண்ணூறுகளின் நடுவிலேயே 50 லட்சம் பம்பு செய்தாகிவிட்டது.

எத்தனை கிணறு, எவ்வளவு செலவு என்பதெல்லாம் கட்டுரையில் இருக்கிறது. பம்பு நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் மூன்றில் ஒரு அடிபம்பு வேலை செய்யவில்லை என்று 2009இலேயே கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

பம்பு ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில், காலையில் இருபது தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் வரும். கிணற்றுக்குள் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையமான வாசரோ, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் கீழ் வால்வோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வாசர் உள்ளங்கையில் அடங்கும் சாமான்தான். ஆனால் மார்க் 2வில் அதை மாற்ற, 30 மீட்டர் ஆழம் என்றால் 10 பைப்பையும் ஒவ்வொன்றாக மேலே ஏற்ற வேண்டும். நான்கு ஆள், ரெஞ்ச், கிளாம்பு எல்லாம் வேண்டும். கிளாம்பு நழுவினால் மொத்தமும் உள்ளே போய்விடும். எனக்கு ஒரு தடவை போயிருக்கிறது. அன்று அந்த ஊர்ப் பெண்களிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

எண்பதுகளில் கோவையில் உலக வங்கி உதவியோடு நடந்த சோதனையில் தோல் வாசரை எடுத்துவிட்டு நைட்ரைல் ரப்பர் வாசர் போட்டார்கள். அது நின்று உழைத்தது. பைப்பைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் மேலே உருவி எடுக்கும் மார்க் 3ம் அப்படி வந்ததுதான். இதற்கெல்லாம் யாரும் ரிப்பன் வெட்டவில்லை.

2006இல் அமெரிக்காவில் வேறொன்றுக்கு வெட்டினார்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறுமாம், பெயர் பிளேபம்ப். அரசும் அறக்கட்டளைகளும் 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. ஒன்றின் விலை 14,000 டாலர், சாதாரண பம்பைப் போல நான்கு மடங்கு. ஒரு பம்பு இத்தனை பேருக்குத் தண்ணீர் தரும் என்று அவர்கள் சொன்ன இலக்கை எட்டக் குழந்தைகள் தினமும் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. மொசாம்பிக்கில் வயதான பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சில ஊர்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைப் பிடுங்கிவிட்டு இதை நட்டிருக்கிறார்கள். பம்பைத் தொட்டுப் பார்த்த ஒரு ஆளிடமாவது முன்பே கேட்டிருக்கலாம்.

இன்னொன்று, ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் பைப் அரித்துத் தண்ணீர் சிவப்பாக வரும். துணியில் கறை, சோற்றில் வாடை. பம்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பெண்கள் பழைய குட்டைக்கே போய்விடுவார்கள். தண்ணீரைச் சோதித்துவிட்டு எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ போட்டால் தீர்ந்தது. செலவு கொஞ்சம் கூடும், டெண்டரில் விலை குறைந்ததுதான் ஜெயிக்கும்.

எங்களிடம் ஊருக்கு ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், பைப் தூக்க மாவட்டத்திலிருந்து வேனோடு ஒரு குழு என்று இருந்தது. குறை இல்லாமல் இல்லை. வேன் வரப் பத்து நாள் ஆனதும் உண்டு. ஆனால் மாதாமாதம் சம்பளம் வந்தது. உதவி செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் கிணற்றுக்குக் கொடுக்கிறார்கள், இந்தச் சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை.

அடுத்த தடவை உங்கள் நிருபர் அப்படி ஒரு ஊருக்குப் போனால், வாசர் எந்தக் கடையில் கிடைக்கிறது, அங்கே போய்வர பஸ் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்பு மெக்கானிக்,
கோவை மாவட்டம்