குகைக்கு மூட்டம் போடும் முன் ஒரு முறை உள்ளே பாருங்கள்

எங்கள் சரகத்துக்குப் பொறுப்பான வன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நேரில் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். தங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடவில்லை. எந்தப் பாதை, எந்தக் குகை என்பது தங்களுக்கே தெரியும்.

காட்சிமுனைப் பாதையை அகலப்படுத்தும் வேலை தொடங்கிய வாரம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் குகை வாசலில் சருகைக் குவித்து, மேலே பச்சைத் தழையைப் போட்டு மூட்டம் போட்டார்கள். உள்ளே வௌவால் நாற்றம் அடிக்கிறதாம், சுற்றுலா வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். மறுநாள் விடிந்ததும் நானும் மருமகளும் போய்ப் பார்த்தோம். அப்போதும் கண் எரிந்தது. எச்சம் மெத்தை மாதிரி படிந்து கிடந்த தரையில் குட்டிகள் விழுந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. பாறை இடுக்கில் நகத்தை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. மருமகள் அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். வெயில் ஏறுவதற்குள் அதுவும் போய்விட்டது. பழந்தின்னி வௌவால் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும் ஐயா. அந்தப் பதினொன்றும் பதினொரு தாய்களின் குட்டிகள்.

அவை எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வால் இல்லை என்பதை மட்டும் பார்த்தேன். என் வயிற்றைக் கலக்குவதே அதுதான். பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயர் வைத்த பழந்தின்னி வௌவாலுக்கும் வால் கிடையாது, அதுவும் குகையில்தான் தங்கும். உலகத்திலேயே தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது இல்லை, அழியும் நிலையில் இருக்கும் இனம். 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் மேகமலைப் பகுதியில் அதைப் பிடித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதைச் சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்று எழுதி வைத்துவிட்டார்கள். தாய்லாந்தைச் சேர்ந்த விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதைக் கையில் எடுத்துப் பார்த்து 1972-இல் எழுதிய பிறகுதான் அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம் என்றே தெரிந்தது. அப்புறம் 1993-இல்தான் அது மறுபடியும் கண்ணில் பட்டது. படித்தவர்கள் கையிலேயே இருபத்து நான்கு வருடம் பெயர் தெரியாமல் கிடந்த உயிர் அது. ஒப்பந்தக்காரரின் ஆள் அடையாளம் கண்டுகொள்வார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? அவரை நான் குறை சொல்லவில்லை. பார்த்துச் சொல்ல வேண்டியது துறை.

நான் கேட்பது ஒன்றுதான். குகையையோ பழமரத்தையோ தொடுவதற்கு முன்னால் வௌவால் தெரிந்த ஒருவரை அனுப்பி ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலியோடு சேர்த்து, கொன்றாலும் குற்றமில்லாத தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. சாலிம் அலி வௌவாலைப் பின்னாளில் புலி இருக்கும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2022 திருத்தத்தில் ஐந்தாம் அட்டவணையே நீக்கப்பட்டுவிட்டது. இத்தனை நடந்த பிறகும் பாதை வேலைக்கு நின்ற காவலர் என்னிடம் சொன்னது, "வௌவால்தானே அண்ணே". எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எங்கள் ஏலத்தோட்டத்தில் நிழல் மரம் ஒன்றை வெட்ட வேண்டுமானால் 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி குழுவின் அனுமதி வேண்டும். வேண்டியதுதான், அந்தச் சட்டம் இல்லையென்றால் இந்த மலை எப்போதோ மொட்டையாகியிருக்கும். ஆனால் எங்களிடம் கேட்கும் கேள்வியைத் துறை தன் வேலைக்கும் கேட்டுக்கொள்ள வேண்டாமா? தோட்டங்களில் அத்தியும் நாவலும் நின்ற இடத்தில் எல்லாம் சில்வர் ஓக் வந்துவிட்டது. வௌவாலுக்கு அதில் தின்ன ஒரு பழம் கிடையாது. அதனால் காட்டோரத்து அத்தி ஒவ்வொன்றும் இப்போது முக்கியம். அத்தி பழுத்தால் இருட்டிய பிறகு வௌவால் வரும், பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த் தின்னும், பறக்கும்போதே விதையை எச்சத்தோடு போடும். தீப்பிடித்துக் கருகிய மேட்டில் நாற்று நடாமலே மரம் முளைப்பது இப்படித்தான். நாற்றங்கால் போட்டுச் செலவழிக்கும் துறைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வௌவால் கறி மூச்சிரைப்புக்கு மருந்து என்று குகை வாசலில் வலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் கோழிக்கோட்டில் வௌவாலிடமிருந்து பரவக்கூடிய நிபா காய்ச்சல் வந்ததிலிருந்து பயத்தில் விரட்டுகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மக்களுக்கு எடுத்துச் சொல்லி இதைத் தடுக்க வேண்டிய கையே மூட்டம் போட்டால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? தீபாவளிக்கு வெடி வெடித்தால் வௌவால் மிரளும் என்று வெடியே வேண்டாமென்று இருக்கும் ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குகைக்குக் கீழே ஓடையோரம் நிற்கும் பெரிய அத்தியில் சிவப்புப் பெயிண்டால் எண் போட்டிருக்கிறது. இப்போது அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கிறது. பாதையை நாலடி தள்ளிப் போட்டால் மரம் தப்பும், அந்தப் பக்கம் இடமும் இருக்கிறது. தயவுசெய்து அந்த எண்ணை அழிக்கச் சொல்லுங்கள். குகையைப் பார்த்து முடிக்கும் வரை வேலையை நிறுத்தி வையுங்கள். உள்ளே விளக்குப் போடும் திட்டம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

யாரையாவது அனுப்பினால் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். குகை வாசல் வரை நானே கூட்டிப்போகிறேன். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சரகத்து ஏல விவசாயி ஒருவன்