பேத்தியின் காலும் விரலும்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே இந்த வருஷம் சாரலுக்குக் குறைவில்லை, கிணற்றில் தண்ணீர் மேல்படிக்கு ஏறிவிட்டது, என் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. சரி, அது இருக்கட்டும். நீ எழுதிய நாலு பக்கத்தில் மூணு பக்கம், பேத்திக்கு 14 மாதமாகியும் நடை வரவில்லையே என்பதுதான். எதிர் வீட்டுப் பையன் 10 மாதத்திலேயே நடந்தான் என்று சொல்லிச் சொல்லி உன் மகளை அழவைத்திருக்கிறார்கள். இதை அவளுக்கும் படித்துக் காட்டு.

உலக சுகாதார நிறுவனம் இந்தியாவையும் சேர்த்து 5 நாடுகளில் பிள்ளைகள் எப்போது உட்காருகிறார்கள், எப்போது நிற்கிறார்கள் என்று தொடர்ந்து பார்த்துக் குறித்து 2006இல் வெளியிட்டது. எதையும் பிடிக்காமல் தானாக நடக்க அதில் கண்ட காலம் ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை. எதிர் வீட்டுப் பையனும் அதற்குள்தான், உன் பேத்தியும் அதற்குள்தான். நூற்றுக்கு நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. எங்கள் பால்வாடிக்கு வந்த பிள்ளைகளிலும், உட்கார்ந்த வாக்கிலேயே தேய்த்துத் தேய்த்து நகர்ந்துவிட்டு ஒருநாள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றதுகள் உண்டு. முதலில் கழுத்து நிற்கும், அப்புறம் குப்புற விழும், உட்காரும், நிற்கும். பலம் தலையிலிருந்துதான் கீழே இறங்கி வரும், கால் கடைசி. அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய், நடைக்கு முந்தின படி அதுதான். 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லையென்றால் கட்டாயம் டாக்டரிடம் காட்டு. அதற்கு முன்னாலேயே ஒரு பக்கத்துக் கை காலை மட்டும் ஆட்டினாலோ, வந்த பழக்கம் ஏதாவது மறைந்துபோனாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதே.

அப்புறம், அந்த வாக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடு. என் சின்னவன் அதில் உருண்டு போய் வாசல் படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டது உனக்குத் தெரியுமே, நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கனடாவில் 2004இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். அதில் உட்கார்ந்து நுனிக்காலால் உந்துகிற பிள்ளை தன் உடம்பைத் தானே தாங்கிப் பழகுவதில்லை. நம் மூணு சக்கர மர நடைவண்டி வேறு, அதைத் தள்ளுவதற்கு முதலில் தன் காலில் நிற்க வேண்டும். இப்போதைக்கு வெறுங்காலோடு தரையில் விடு, போதும்.

ஆனால் கோமதி, மூணு பக்கமும் காலைப் பற்றியே எழுதியிருக்கிறாய், விரலைப் பற்றி ஒரு வரி இல்லை. மதில் மேல் காக்கா வந்து உட்கார்ந்தால் அவள் ஒற்றை விரலை நீட்டிக் காட்டுகிறாளா? காட்டிவிட்டு, நீயும் பார்த்தாயா என்று உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். பிஸ்கட் வேண்டும் என்று கையை நீட்டுவது வேறு. தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைக்கிறதே, பேச்சும் சிநேகமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி அது வந்துவிடும். பிள்ளைத்தமிழில் வருகைப் பருவத்துக்கு அடுத்து அம்புலிப் பருவம் வைத்தார்கள் பார், நடந்து வந்த பிள்ளைக்கு நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடுவது, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், ஒரு பையன் இருந்தான். மாதா மாதம் தொங்கு தராசில் துணியைக் கட்டி உட்காரவைத்து நானே எடை போட்டேன். எடை குறிக்கிற அட்டையில் அவன் புள்ளி எப்போதும் பச்சைப் பட்டையில்தான் இருக்கும், வயசுக்கேற்ற எடை என்று அர்த்தம், 11 மாதத்தில் நடந்தான், அவன் அம்மாவிடம் நானே பெருமையாகச் சொன்னேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், எதையும் சுட்டிக் காட்டியதே இல்லை. சாதுவான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். மூணு வயசுக்கு மேல்தான் மாவட்ட மருத்துவமனையில் காட்டினோம், ஆட்டிசம் என்றார்கள், பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் எளிதில் வராத வளர்ச்சிக் குறைபாடு அது. அங்கே பயிற்சி கொடுத்தார்கள், நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் ஒன்றரை வயசிலேயே ஆரம்பித்திருக்கலாமே என்பது இன்றைக்கும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவன் காலையும் எடையையும் பார்த்த அளவுக்கு நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பூங்காவில் மற்ற பிள்ளைகளோடு சேரமாட்டேன் என்கிறாள் என்று உன் மகள் கவலைப்பட்டாளாமே, அதற்கு இப்போது அவசியமே இல்லை. இரண்டு வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே மணலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு டம்ளரில் மண்ணை அள்ளிக் கொட்டும், ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்க்கும், ஆனால் விளையாட்டு தனித்தனிதான். மூணரை வயசில் பார், ஒருத்தி கண்டக்டர், ஒருத்தன் டிரைவர், மற்றதுகள் வரிசையாகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டும், யார் முன்னால் என்று சண்டையும் போடும்.

சோறூட்டும்போது செல்போனைக் கையில் கொடுப்பதை மட்டும் நிறுத்தச் சொல். இரண்டு வயசு வரை திரையே வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. சாய்ந்தாடம்மா பாடி உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிடட்டும், பத்து நிமிஷம் கூட ஆனால் ஆகட்டும்.

தை பிறந்ததும் நான் வருகிறேன், நாலு நாள் இருப்பேன். காக்கா விஷயத்துக்கு மட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, பார்த்துவிட்டு அன்றைக்கே போன் பண்ணு.

உன்
மீனாட்சி