பாப்பாவுக்கு, காவேரிப்பட்டணத்திலிருந்து

கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே. போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் போனில், நாம் எங்கிருந்து வந்தோம்னு பள்ளிக்கூடத்தில் எழுதிவரச் சொல்லியிருக்காங்க தாத்தா என்றான். நான் ஆரம்பிப்பதற்குள் நீ, அப்புறம் கூப்பிடறேன்ப்பா என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன், அவனுக்குப் படித்துக் காட்டு.

காவேரிப்பட்டணம் என்று எழுதினால் போதாது. எல்லோருக்கும் ஆதி ஊர் ஆப்பிரிக்காதான். மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த மண்டையோடுகளுக்கு ஏறக்குறைய 3 லட்சம் வயது, இன்றைய மனிதர்களான நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் என்று அவற்றைத்தான் சொல்கிறார்கள். நம்ம தமிழ்நாட்டு அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் வருடத்துக் கற்கோடாரியே இருக்கிறதே என்று உன் பெரியப்பா சண்டைக்கு வருவார். இருக்கிறது, ஆனால் அதைச் செதுக்கியவர்கள் வேறு மனிதர்கள், அப்போது நம் இனமே உலகத்தில் கிடையாது.

ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்று இருக்கிற நாம் எல்லோரும் பெரும்பாலும் 50 ஆயிரம், 70 ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பிய கூட்டத்தின் வாரிசுகள். கிளம்பியது என்றால் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிற மாதிரி இல்லை. வருடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள், ஒரு தலைமுறைக்கு 25 கிலோமீட்டர், நம்ம ஊர்ப் பெண்ணை பர்கூரில் கட்டிக்கொடுக்கிற தூரம். அந்த வேகத்தில் போனாலே 15 ஆயிரம் வருடத்தில் ஆஸ்திரேலியாவை நெருங்கிவிடலாம். வேட்டை குறைந்திருக்கும், தண்ணீர் வற்றியிருக்கும், அடுத்த ஆற்றங்கரைக்குப் போயிருப்பார்கள். போன பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம்.

ஆனால் நீ இருக்கிற நியூசிலாந்து அப்படி இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு 50 ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஆள் போய்விட்டான், பக்கத்தில் இருக்கிற நியூசிலாந்துக்கு மனிதன் போனது சுமார் 1250-1300 வாக்கில்தான். இங்கே குந்தாணியில் ஹொய்சள ராமநாதன் ஆண்ட காலம். பாலினேசியர்கள் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் தாண்டிப் போயிருக்கிறார்கள். படகில் நாய், சேப்பங்கிழங்கு, சக்கரவள்ளிக் கிழங்கு எல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் விதைக்கிழங்கு எடுத்துப்போக மாட்டான். அவ்வளவு பெரிய தைரியம் நம்ம வீட்டில் உனக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னொன்று, இது சின்னவனுக்கு இல்லை, உனக்கு. அமெரிக்காவில் ஒயிட் சாண்ட்ஸ் என்ற இடத்தில், காய்ந்துபோன ஏரிச் சேற்றில் பழைய காலடித் தடங்கள் அப்படியே இருக்கின்றன. அதில் ஒரு வரிசை, 10 ஆயிரம் வருடத்துக்கும் முந்தையது. ஒரு பெண்ணோ இளவயதுப் பையனோ, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழுக்குகிற சேற்றில் வேகமாகப் போயிருக்கிறார். ஒன்றரை கிலோமீட்டர் தூரம். நடுநடுவே கைவலிக்கு இறக்கிவிட்டிருக்க வேண்டும், அங்கங்கே குட்டிக் கால் தடம் பதிந்திருக்கிறது. அதே வழியில் திரும்பியும் வந்திருக்கிறார், வரும்போது குழந்தை இல்லை. இடைப்பட்ட நேரத்தில் ஒரு மாமத் யானை அந்தத் தடத்தைக் குறுக்கே மிதித்துப் போயிருக்கிறது. எங்கே கொண்டுபோய் விட்டார், யாரிடம் விட்டார், ஒன்றும் தெரியாது. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெங்களூர் ஏர்போர்ட்டில் உன்னை விட்டுவிட்டு ஓசூர் வழியாக அம்மாவும் நானும் திரும்பி வந்தோமே, வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே பெங்களூரா மாங்காய் இந்த வருடம் பரவாயில்லை, விலைதான் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது.

உன் பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் பண்ணிக் கேட்டிருந்தாய், அனுப்பிவிட்டேன். எதற்கு என்று அம்மா கேட்டாள், ஆபீஸ் வேலைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இரண்டும் வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் இடமில்லை என்று எனக்கும் தெரியும். உன் விருப்பம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். எதுவானாலும் அம்மாவிடம் நேரில் வந்து சொல்லு, போனில் வேண்டாம். சின்னவனையும் கூட்டிக்கொண்டு வா. லீவு எப்போது கிடைக்கும் என்று மட்டும் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா