கட்டில் காலியாகக் கிடக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

நகராட்சி அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

குளிர் விட்டுவிட்டது. வீடில்லாதவர்களுக்கான இரவுத் தங்குமிடமாக இருந்த விளையாட்டுக் கூடம் மறுபடி பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது. கட்டில்களை மடித்துக் கணக்கு ஒப்படைத்த கையோடு, தன்னார்வலர்கள் சார்பில் இதை எழுதுகிறேன்.

கூடத்தைத் திறந்துவிட்டதற்கு மட்டும் நன்றி சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும். திறந்தால் ஆட்கள் தானாக வந்துவிட மாட்டார்கள். தெருவில் படுப்பவருக்கு வர மறுப்பதற்கும் காரணம் உண்டு. மூட்டையை யார் பார்த்துக்கொள்வார்கள்? நாயை எங்கே விடுவது? புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடமா? தொலைந்துபோன அடையாள அட்டையைக் கேட்டால் என்ன செய்வது? வேலை முடிந்து நள்ளிரவில் வந்தால் கதவு திறப்பார்களா? இதற்கெல்லாம் பதில் இல்லாவிட்டால் கட்டில் காலியாகத்தான் கிடக்கும். அப்புறம், "இடம் கொடுத்தும் வரமாட்டேன் என்கிறார்கள்" என்று பழி அவர்கள் மேலேயே விழும்.

அதனால் முதல் நன்றி, பொருள் வைப்பறையைக் கவனித்த ஊழியர்களுக்கு. மூட்டையில் ஒரு டோக்கன், ஆளிடம் ஒரு டோக்கன், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் எதையும் குப்பை என்று நீங்கள் ஒதுக்கவில்லை. மருந்துச் சீட்டும் வழக்குக் காகிதமும் பழைய போட்டோவும் அந்தப் பைகளில்தான் இருந்தன. சொன்ன பெயரை எழுதிக்கொண்டால் போதும், அட்டை கேட்க வேண்டாம் என்று கையெழுத்திட்ட அதிகாரிக்கும் நன்றி. கோப்பில் அது ஒரே வரி. அந்த வரிக்காகவே உள்ளே வந்தவர்கள் பலர். நாய்களுக்குப் பின்கட்டில் இடம் ஒதுக்கியவரையும் மறக்கவில்லை, குரைப்புச் சத்தம் உட்பட!

தீயணைப்புத் துறையினர் ஆரம்பத்தில் கெடுபிடியாகத்தான் தெரிந்தார்கள். கரி அடுப்பு வைக்கலாம் என்று யாரோ சொன்னதும் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். கரிப்புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். நடைவழியை மறைத்த கட்டில்களையும் எடுக்க வைத்தார்கள். அவர்கள் பிடிவாதம் சரி.

சுகாதாரப் பிரிவினர் தலைமாடு கால்மாடு மாற்றிக் கட்டில் போடச் சொன்னார்கள். ஒருவர் இருமினால் அடுத்தவர் முகத்துக்கு நேராகப் போகாது. மேல் ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது. இத்தனை பேர் படுக்கும் கூடத்துக்குக் காற்றும் வேண்டுமே!

இரவில் தெருத்தெருவாகப் போன குழுவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே ஆபத்து. அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை, நனைந்த துணியும் காற்றும் போதும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று குழறிப் பேச ஆரம்பித்தால் அது தேறியதற்கு அடையாளம் அல்ல, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நேரம். குடித்தவருக்குச் சூடாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் சூடு தோல் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். இதெல்லாம் தெரிந்த செவிலியர்கள் கூட வந்தது பெரிய பலம். வரவே மாட்டேன் என்றவர்களை அதட்டாமல், கம்பளியோடு அடியில் விரிக்கத் தடித்த விரிப்பும் கொடுத்துவிட்டு மறுநாளும் போய்ப் பார்த்தார்கள். தரை உறிஞ்சும் சூட்டை மேலே போர்த்துவது தடுக்காது.

கழிவறையை இரவு முழுக்கச் சுத்தமாக வைத்திருந்த துப்புரவுப் பணியாளர்களுக்கு யாரும் மேடையில் சால்வை போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

எதிர்ப்புத் தெரிவித்த அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி, கிண்டலாகச் சொல்லவில்லை. வாசலில் விளக்கு எங்கே, கழிவறை போதுமா என்று நீங்கள் கேட்ட பிறகுதான் இரண்டும் வந்தன. காலையில் கூடத்தைப் பூட்டியாக வேண்டும். அதன்பின் பகலெல்லாம் உட்கார இடம் கொடுத்தது நூலகம். இந்தப் பகல் பிரச்சினைக்கு இன்னும் நிரந்தரமாக ஒரு வழி பிறக்கவில்லை. வாடகை அறைக்கு மாற விண்ணப்பித்தவர்களுடன் சமூகநலப் பிரிவினர் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கான நன்றியில் கொஞ்சம் பாக்கி வைத்துக்கொள்கிறேன், சாவி கைக்கு வரட்டும்.

வைப்பறையில் சில பைகள் மிச்சம் இருக்கின்றன. உரியவர்களைத் தெரிந்தவர்கள் சொல்லி அனுப்புங்கள். டோக்கன் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பையில் என்ன இருக்கிறது என்று சொன்னால் கொடுத்துவிடுவார்கள்.